பதினெட்டும் பத்தொன்பதும்: யூதரின் நின்றநிலைப் பிரார்த்தனை பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

யூதர் நாள்தோறும் மும்முறை ஓதிவரும் தலையாய பிரார்த்தனைக்கு எபிரேய மொழியில் 'ஷெமோனே எஸ்ரே' என்னும் பெயர் வழங்குகின்றது. 'பதினெட்டு' என்பதே அதன் நேர்ப்பொருள். பதினெட்டுப் போற்றுரைகளைக் கொண்டமையால் அப்பெயர் அமைந்தது. ஆயின், மரபுவழி வந்த வழிபாட்டு நூல் எதனையும் எடுத்து எண்ணிப் பார்ப்பின், அங்கே காணப்படுவன பத்தொன்பது போற்றுரைகளே. எண்ணிக்கை மாறியும் பெயர் மாறவில்லை. இம்முரண்பாட்டைச் சிறியதொரு விந்தையாகக் கருதி விட்டுவிடுதல் எளிது. எனினும், அது எவ்வாறு நேர்ந்தது எனத் தேடப் புகுவோர், கோயிலையும் அரசையும் இழந்த ஒரு மக்கட்கூட்டம் சொற்களைக் கொண்டு தன்னைக் கட்டிக்காத்த வரலாற்றினையும், அச்சொற்களை எவர் வகுப்பது, எவரை அவற்றுக்கு வெளியே நிறுத்துவது என எழுந்த பூசல்களையும் எதிர்கொள்வர்.

இப்பிரார்த்தனைக்கு வேறு பெயர்களும் உள. நின்றவண்ணம் ஓதப்படுதலின் 'அமிதா' எனப்பட்டது. 'நிற்றல்' என்பது அதன் பொருள். பண்டைய யூத அறிஞர் இதனைத் 'தெபில்லா', அஃதாவது 'பிரார்த்தனை' என்று மட்டுமே சுட்டினர். வேறு அடைமொழி அவர்களுக்குத் தேவைப்படவில்லை. யூத சமயம் பற்றிப் புறத்தார் எழுதும் நூல்களில் 'ஷெமா' என்பதே யூதரின் முதன்மைப் பிரார்த்தனை எனக் கூறப்படுவதுண்டு. இது முற்றிலும் பொருந்துவதன்று. ஷெமா என்பது தோராவின் சில பகுதிகளைக் காலையிலும் இரவிலும் ஓதுதலாகும். அஃது இறைவன் ஒருவனே எனச் சான்று பகர்தல். கேட்போராக இஸ்ரவேல் மக்களை விளிப்பது. அமிதாவோ இறைவனை முன்னிலைப்படுத்திப் பேசுவது, அவனிடம் கேட்பது. இவ்விரண்டும் காலை, இரவு வழிபாடுகளில் அடுத்தடுத்து வருதலாலேயே மயக்கம் நேர்கின்றது.

அமிதா ஓதப்படும் முறையே அதன் உட்பொருளை ஓரளவுக்கு உணர்த்தவல்லது. ஓதுபவர் மூன்றடி முன்வைத்து, இரு பாதங்களையும் ஒன்றுசேர்த்து, யெரூசலேம் நகரிருக்கும் திசை நோக்கி நிற்பர். ஐரோப்பாவில் வாழ்ந்தோர் கிழக்கு நோக்கினர். பாபிலோனில் வாழ்ந்தோர் மேற்கு நோக்கினர். யெமன் நாட்டார் வடக்கு நோக்கினர். திசையறிய இயலாத குருடரும், வழிச்செலவில் இருப்போரும் உள்ளத்தைத் திருப்பினால் போதும் என்பது விதி. உதடுகள் அசைய வேண்டும். குரல் அயலார் செவியில் விழுதலாகாது. முதற் போற்றுரையின் தொடக்கத்திலும் முடிவிலும், நன்றி கூறும் போற்றுரையின் தொடக்கத்திலும் முடிவிலும் உடல் வளைத்து வணங்குவர். ஓதி முடித்ததும் மூன்றடி பின்வைத்து, இடப்புறமும் வலப்புறமும் தலைதாழ்த்தி விடைபெறுவர். அரசவையிலிருந்து முதுகு காட்டாது வெளியேறும் குடிமகனின் செயலை இது ஒத்திருத்தல் வெளிப்படை. ஓதுங்கால் அரசனே வந்து வாழ்த்துக் கூறினும் மறுமொழி கூறலாகாது, பாம்பு குதிகாலைச் சுற்றினும் இடைநிறுத்தலாகாது என மிஷ்னா விதிக்கின்றது. தேளாயின் நிறுத்தலாம் எனப் பிற்காலத் தால்முத் ஆசிரியர் சேர்த்துக்கொண்டனர். விதி செய்தோர் நடைமுறை அறியாதவரல்லர்.

போற்றுரைகளின் வைப்புமுறையும் இத்தகையதே. முதல் மூன்றும் புகழ்ச்சி: ஆபிரகாம், ஈசாக்கு, யாக்கோபு ஆகிய முன்னோரின் கடவுள், இறந்தோரை எழுப்பும் ஆற்றலுடையோன், தூயோன் என்பன அவற்றின் பொருள். இறுதி மூன்றும் வழிபாட்டினை ஏற்றல், நன்றியுரைத்தல், அமைதி வேண்டல் என அமைவன. இடைப்பட்டவை வேண்டுதல்கள். அவற்றுள் முதலில் நிற்பது அறிவுக்கான வேண்டுதலாகும். செல்வமும் உடல்நலமும் அதன்பின்னரே வருகின்றன. மனந்திரும்புதல், மன்னிப்பு, மீட்பு, நோய் நீக்கம், ஆண்டின் விளைச்சல் என்பன தொடர்ந்து வந்தபின் வேண்டுதலின் இயல்பு மாறுகின்றது. சிதறிய மக்களை ஒன்றுகூட்டல், நீதிபதிகளை மீள அமர்த்தல், பகைவரை அழித்தல், சான்றோரைக் காத்தல், யெரூசலேமைக் கட்டியெழுப்புதல், தாவீதின் வழித்தோன்றலை எழுப்புதல் என இரண்டாம் பகுதி முழுவதும் ஒரு நாட்டின் மீட்சித் திட்டமாகவே அமைந்துள்ளது. வேண்டுதல் எதுவும் 'எனக்கு' என ஒருமையில் அமையவில்லை. தனித்து நின்று ஓதுபவரும் 'எமக்கு' என்றே கேட்கின்றார். ஓய்வுநாளிலும் பெருநாட்களிலும் இவ்விடைப்பகுதி முழுவதும் விலக்கப்பட்டு, அந்நாளின் சிறப்புரைக்கும் ஒரு போற்றுரை அதன் இடத்தைப் பெறுகின்றது. ஆண்டுப் பிறப்பின் மேலதிக வழிபாட்டில் மட்டும் அவ்விடத்தில் மூன்று அமையும்.

இதன் தோற்றம் பற்றி மரபு தரும் செய்திகள் ஒன்றோடொன்று ஒத்துச் செல்வனவல்ல. காலைப் பிரார்த்தனையை ஆபிரகாமும், பிற்பகற் பிரார்த்தனையை ஈசாக்கும், இரவுப் பிரார்த்தனையை யாக்கோபும் ஏற்படுத்தினர் என்பது தால்முத்தில் காணப்படும் ஒரு கருத்து. யெரூசலேம் கோயிலில் நாள்தோறும் காலையும் பிற்பகலும் செலுத்தப்பட்ட ஆட்டுக்கடாப் பலிகளுக்கு ஈடாகவே இவை வகுக்கப்பட்டன என்பது அதனை அடுத்து வரும் மற்றொரு கருத்து. பிறிதோரிடத்தில், இறைவாக்கினரை உள்ளடக்கிய நூற்றிருபது மூத்தோர் இதனை இயற்றினர் எனப்படுகின்றது. யவ்னே நகரில் ரபான் கமாலியேல் முன்னிலையில் சிமியோன் ஹப்பக்கூலி என்பார் பதினெட்டினையும் ஒழுங்குபடுத்தினார் என்று மேலுமோர் இடம் கூறும். இம்முரணைத் தால்முத்தே உணர்ந்து, முன்னர் இயற்றப்பட்டவை மறக்கப்பட்டமையால் சிமியோன் அவற்றை மீண்டும் வகுத்தார் என அமைதி காண முயல்கின்றது.

யவ்னே பற்றிய குறிப்பே வரலாற்றாய்வாளரின் கவனத்தைப் பெரிதும் ஈர்த்தது. கி.பி. 70இல் தீத்துவின் தலைமையில் உரோமப் படை யெரூசலேமைக் கைப்பற்றிக் கோயிலை எரித்தது. பலியே வழிபாட்டின் உயிர்நாடியாகவும், குருமாரே அதனை ஆற்றுவோராகவும் இருந்த ஒரு சமயத்துக்கு இதனினும் பெரிய பேரிடர் நேர்ந்திருத்தல் இயலாது. கடலோரத்தை அடுத்திருந்த யவ்னேயில் யோகனான் பென் சக்காய் தலைமையிலும், பின்னர் கமாலியேல் தலைமையிலும் கூடிய அறிஞர் குழுவே எஞ்சியவற்றைத் திரட்டி ஒழுங்குசெய்தது. அமிதா அக்காலத்தில் வெறுமையிலிருந்து படைக்கப்பட்டதா, முன்னரே நிலவிய பிரார்த்தனைகளின் தொகுப்பா என்பதில் ஆய்வாளர் ஒருமைப்படவில்லை. 1832ஆம் ஆண்டு லியோப்போல்ட் சுன்ஸ் இதனைப் பல காலப் படிவங்களாகப் பகுத்து, ஒவ்வொன்றுக்கும் காலங் கணிக்க முயன்றார். யோசேப் ஹைனமான் இம்முறையை மறுத்து, மூலபாடம் என ஒன்று இருந்ததேயில்லை, மக்கள் கூடுமிடங்களில் பல வடிவங்கள் வாய்மொழியாக வழங்கிப் பின்னரே அவை நெறிப்பட்டன என்றார். அதற்கு நேர்மாறாக, 1990இல் எஸ்ரா ஃப்ளைஷர் யவ்னே அறிஞரே வரையறுத்த பாடத்தோடு இதனைப் புதிதாக ஆக்கினர் என வாதிட்டார். சாக்கடலை அடுத்த கும்ரான் குகைகளில் கிடைத்த ஏடுகளுள் நாட்பிரார்த்தனைகளும் அடங்கியிருத்தலால், கோயில் நின்ற காலத்திலேயே சில குழுவினர் வரையறுத்த பிரார்த்தனைகளை ஓதினர் என்பது தெளிவு. குருமாரும் கோயிலில் சில போற்றுரைகளை ஓதினர் என மிஷ்னா கூறும். ஆகவே சொல்லும் பொருளும் முன்னரே இருந்தன. அவற்றைப் பதினெட்டாக நிறுத்தி, ஒவ்வொருவர்க்கும் நாள்தோறும் கடன் என ஆக்கியதே யவ்னேயின் செயல் என்று கொள்ளுதல் பொருத்தமாகும்.

இறுதி மூன்றனுள் முதலாவதான வழிபாட்டுப் போற்றுரை இவ்வகையில் ஊன்றி நோக்கத்தக்கது. கோயில் நின்றபோது, அங்கு நிகழும் வழிபாட்டினை ஏற்றருள்க என்பதே அதன் வேண்டுதலாக இருந்திருத்தல் வேண்டும். கோயில் அழிந்தபின் அவ்வழிபாட்டினை மீளத் தருக என அது திரிந்தது. போற்றுரை தன் இடத்திலேயே நிற்க, அதன் பொருள் உடைமையிலிருந்து இழப்புக்கு மாறியது.

கமாலியேலின் முயற்சி எதிர்ப்பின்றி நிறைவேறவில்லை. நாள்தோறும் பதினெட்டினையும் முழுமையாக ஓதுதல் வேண்டும் என்றார் அவர். அவற்றின் சுருக்கமே போதும் என்றார் யோசுவா பென் கனனியா. நாவிற்குப் பழகியிருப்பின் பதினெட்டு, அன்றேல் சுருக்கம் என்றார் அக்கிவா. எலியேசர் பென் ஹிர்கனுஸ் இன்னும் ஒருபடி சென்று, தம் பிரார்த்தனையை வரையறுத்த கடமையாக ஆக்கிக்கொள்வோரின் பிரார்த்தனை மன்றாட்டு ஆகாது என்றார். இந்நான்கு கருத்துக்களையும் மிஷ்னா அருகருகே வைத்துத் தந்துள்ளது. பிரார்த்தனையை விதியாக்கும் நூலே, விதியாகிய பிரார்த்தனை பிரார்த்தனையன்று என்ற குரலையும் அழியாது காத்தமை வியப்புக்குரியது.

பூசல் முற்றியது இரவுப் பிரார்த்தனையை ஒட்டியாகும். காலைப் பலிக்கும் பிற்பகற் பலிக்கும் ஈடாக இரு பிரார்த்தனைகள் அமைந்தன. இரவில் பலியிடும் வழக்கம் கோயிலில் இருந்ததில்லை. பகலில் இட்ட பலியின் எஞ்சிய பகுதிகள் எரிந்துகொண்டிருந்தமையே உண்டு. எனவே இரவுப் பிரார்த்தனை கட்டாயமா, விருப்பத்துக்குரியதா என்னும் வினா எழுந்தது. பாபிலோனியத் தால்முத் இதனை ஒரு நிகழ்ச்சியாக விரித்துரைக்கின்றது. மாணவர் ஒருவர் யோசுவாவிடம் வினவ, விருப்பத்துக்குரியது என அவர் விடையளித்தார். அவரே கமாலியேலிடம் வினவ, கட்டாயம் என்று விடை வந்தது. அவை கூடியபோது அதே வினாவை எழுப்பச் செய்த கமாலியேல், மாறுபட்டோர் உளரோ எனக் கேட்டார். இல்லை என்று யோசுவா கூறவும், அவர் முன்னர் வேறாகக் கூறியதைச் சுட்டி, அவரை நிற்கவைத்துவிட்டுத் தாம் அமர்ந்து விரிவுரையைத் தொடர்ந்தார். நெடுநேரம் நின்ற முதியவரைக் கண்டு அவை முணுமுணுத்தது. விரிவுரையை உரத்துக் கூறுபவரை நிறுத்துமாறு பணித்தது. தலைவரையே பதவியிலிருந்து இறக்கியது. எலியாசர் பென் அசரியா அவ்விடத்தில் அமர்த்தப்பட்டார். அன்றே வாயிற்காவலன் நீக்கப்பட்டான்; அகமும் புறமும் ஒவ்வாத மாணவர் நுழையலாகாது என்பது கமாலியேல் காலத்து விதியாம். தடைநீங்கவே நூற்றுக்கணக்கான இருக்கைகள் புதிதாக இடப்பட வேண்டியதாயிற்று.

பின்னர் யோசுவாவிடம் பொறுத்தருளுமாறு கேட்கச் சென்ற கமாலியேல், அவர் வீட்டுச் சுவர்கள் கருமை படிந்திருத்தலைக் கண்டு, நீர் கரித்தொழில் செய்பவர் போலும் என்றாராம். அறிஞர் எவ்வாறு உழைத்து உண்கின்றனர் என்பதனை அறியாத ஒருவரைத் தலைவராகக் கொண்ட தலைமுறைக்காக யோசுவா இரங்கினார். இக்கதையில் பிற்காலத்தார் கைவண்ணம் கலந்திருக்கலாம். எனினும், பரம்பரைத் தலைமையும் செல்வமும் உடைய ஒரு குடும்பத்துக்கும், கைத்தொழிலால் வாழ்ந்த அறிஞருக்குமிடையே நிலவிய முரண்பாடு, ஒரு பிரார்த்தனையின் கட்டாயம் பற்றிய வினாவில் வெளிப்பட்டமை மறுத்தற்கரியது. கமாலியேல் மீண்டும் தலைமை பெற்றார்; எனினும் எலியாசருடன் முறைவைத்தே விரிவுரை நிகழ்த்த வேண்டியிருந்தது. இரவுப் பிரார்த்தனை விதிப்படி விருப்பத்துக்குரியதே, ஆயினும் மக்கள் அதனைக் கடனாக ஏற்றுக்கொண்டனர் என்பது பிற்காலத் தீர்ப்பு. இதன் சுவடு இன்றும் உண்டு. காலையிலும் பிற்பகலிலும் கூட்டத்தார் மெல்ல ஓதியபின், முன்னின்று நடத்துபவர் அமிதாவை உரத்துத் திரும்ப ஓதுவார். இரவில் அவ்வாறு திரும்ப ஓதப்படுவதில்லை.

மெல்ல ஓதும் முறைக்கு அறிஞர் காட்டிய முன்மாதிரி ஓர் அரசனோ குருவோ அல்லர். பிள்ளைப் பேறின்றிச் சீலோ ஆலயத்தில் அழுது நின்ற அன்னாள் என்னும் பெண்ணே அம்முன்மாதிரி. உதடுகள் அசைந்தும் குரல் கேளாமையால், குருவாகிய ஏலி அவளைக் குடிவெறி கொண்டவள் எனப் பிழைபட எண்ணினான் என்று சாமுவேல் நூல் கூறும். குருவின் பிழையையும் பெண்ணின் மன்றாட்டையும் எதிரெதிரே வைத்து, பிரார்த்தனை விதிகள் பலவற்றைப் பெண்ணின் செயலிலிருந்தே தால்முத் வருவித்தது. ஷெமா ஓதுதலினின்று பெண்களுக்கு விலக்களித்த மிஷ்னா, இப்பிரார்த்தனைக்கு அவ்விலக்கினை அளிக்கவில்லை. இறைவனிடம் இரக்கம் கேட்பது எல்லார்க்கும் உரியது என்பதே இதற்குக் கூறப்பட்ட காரணம். தொழுகைக்கூடத்தில் வழிபாடு நடத்துவதற்கு வேண்டிய பதின்மர் தொகையிலோ பெண்கள் நெடுங்காலம் சேர்க்கப்படவில்லை.

இவ்வரலாற்றில் மிகக் கசப்பான பகுதி பன்னிரண்டாம் போற்றுரையைச் சார்ந்தது. போற்றுரை எனப் பெயர் பெறினும் அஃது உண்மையில் ஒரு சாபமாகும். 'மினிம்' என்னும் பிரிவினைக்காரரையும், இறுமாப்புடைய அரசினையும் வேரறுக்குமாறு அது வேண்டுகின்றது. அரசு என்பது உரோமைக் குறித்தது என்பதில் ஐயமில்லை. மினிம் எவர் என்பதே வினா. கமாலியேல் இதனை இயற்ற வல்லார் எவர் எனக் கேட்க, சிறிய சாமுவேல் என்பார் இயற்றினார். மறுவருடம் அவரே அவையில் முன்னின்று ஓதுகையில் அதனை மறந்து, இரண்டு மூன்று மணிநேரம் நினைவுகூர முயன்று நின்றார் என்கிறது தால்முத். வேறெந்தப் போற்றுரையில் தடுமாறினும் முன்னின்று ஓதுபவரை இறக்குவதில்லை. இதில் தடுமாறினால் அவரே மினிம் கூட்டத்தைச் சேர்ந்தவராயிருக்கலாம் என ஐயுற்று இறக்கிவிடுதல் விதி. சாமுவேலோ இறக்கப்படவில்லை. பகைவர் வீழ்ச்சியில் மகிழற்க என்னும் நீதிமொழியை எந்நாளும் எடுத்துரைத்தவர் எனப் பிறிதொரு நூலில் குறிக்கப்படும் இம்மனிதர், தாம் இயற்றிய சாபத்தைத் தாமே மறந்தமை தற்செயலாகவும் இருக்கலாம். எவ்வாறாயினும், தன்னையே சபித்துக்கொள்ள எவரும் முன்வாரார் என்னும் எண்ணத்தால், ஒரு பிரார்த்தனை ஆட்களைச் சோதிக்கும் கருவியாயிற்று.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் வாழ்ந்த யுஸ்தின், தொழுகைக்கூடங்களில் கிறித்துவை நம்புவோர் சபிக்கப்படுகின்றனர் எனக் குறைகூறினார். நான்காம், ஐந்தாம் நூற்றாண்டுகளைச் சார்ந்த எப்பிபானியு, ஜெரோம் ஆகியோர் நசரேயர் என்னும் பெயரால் நாள்தோறும் மும்முறை சபிக்கப்படுதலைக் குறிப்பிட்டனர். இவற்றையும் யோவான் நற்செய்தியில் தொழுகைக்கூடத்தினின்று விலக்கப்படுதல் பற்றி வரும் குறிப்பினையும் இணைத்து, யூதமும் கிறித்தவமும் பிரிந்த நிகழ்ச்சியில் இச்சாபமே முக்கிய பங்கு வகித்தது என 1968இல் லூயிஸ் மார்ட்டின் எழுதினார். 1981இல் ரூவன் கிமல்மன் சான்றுகளை மீளாய்ந்து, தொடக்கத்தில் இது யூத இனத்தைச் சார்ந்த பிரிவினரையே குறித்தது, கிறித்தவர் அனைவரையும் குறித்ததற்குப் போதிய சான்றில்லை என நிறுவ முயன்றார். இவ்விரண்டனுள் பின்னையது எச்சரிக்கையுடையது. ஆயினும் பிற்காலத்தில் அது கிறித்தவரைச் சுட்டும் என யூதரும் கிறித்தவரும் ஒருங்கே எண்ணினர். 1240இல் பாரிசு நகரில் தால்முத் விசாரணைக்கு உட்படுத்தப்பட்டபோது, யூத சமயத்தினின்று மாறிய நிக்கொலாஸ் டொனின் சாட்டிய குற்றங்களுள் இப்போற்றுரையும் ஒன்று. 1242இல் வண்டி வண்டியாகத் தால்முத் ஏடுகள் அங்கே எரிக்கப்பட்டன. நூல்கள் அச்சேறிய பின்னர் தணிக்கையாளர் கைப்பட்டு, மினிம் என்னும் சொல் அகன்று, காட்டிக்கொடுப்போர் என்னும் பொருளுடைய சொல் அவ்விடத்தில் நிலைத்தது. வலியோரை நோக்கி எளியோர் மெல்ல உரைத்த சாபம், வலியோர் கையில் எளியோரைத் தண்டிக்கும் சாட்சியாயிற்று.

சாபம் சேர்க்கப்பட்டமையாலேயே பதினெட்டு பத்தொன்பதாயிற்று எனத் தால்முத் கூறும். நெடுங்காலம் எவரும் இதனை ஐயுறவில்லை. 1896ஆம் ஆண்டின் இறுதியில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த சொலமன் ஷெக்டர், பழைய கெய்ரோவிலுள்ள பென் எஸ்ரா தொழுகைக்கூடத்துக்குச் சென்றார். இறைவன் பெயர் எழுதப்பட்ட தாளை அழித்தலாகாது என்னும் வழக்கினால், பயன்படாத ஏடுகள் 'கெனிசா' எனப்படும் அறையொன்றில் நூற்றாண்டுக்கணக்காகக் குவிந்து கிடந்தன. அவற்றுள் கிடைத்த அமிதாவின் பாடமொன்றினை 1898இல் ஷெக்டர் வெளியிட்டார். பலஸ்தீன மரபைச் சார்ந்த அப்பாடத்தில் சாபம் உண்டு. நசரேயர் என்ற சொல்லும் வெளிப்படையாக உண்டு. ஆயின் எண்ணிக்கை பதினெட்டே. யெரூசலேமுக்கும் தாவீதின் வழித்தோன்றலுக்குமான வேண்டுதல்கள் அங்கு ஒரே போற்றுரையாக இணைந்திருந்தன. பாபிலோனிய மரபில் அவை இரண்டாகப் பிரிந்தன. இன்று வழங்குவது பாபிலோனிய மரபு. எனவே பத்தொன்பதுக்குக் காரணம் பகைவர்மீது இட்ட சாபம் அன்று, இழந்த அரசகுலத்தின் மீது கொண்ட ஏக்கம் எனக் கருதுதற்கு இடமுண்டு. இக்கெனிசா ஏடு பல நூற்றாண்டுகள் பிந்தியதாகலின், அதனைக் கொண்டு யவ்னேயில் எழுந்த சொற்களை மீட்டெடுக்க முனைதல் பொருந்தாது.

பாடங்கள் இவ்வாறு வேறுபட்டமைக்கு அடிப்படைக் காரணம், இப்பிரார்த்தனை பல நூற்றாண்டுகள் எழுதப்படாமையாகும். போற்றுரைகளை எழுதுவோர் தோராவை எரிப்போருக்கு ஒப்பாவர் எனத் தொசெப்தா என்னும் பண்டைய நூல் கண்டிக்கின்றது. ஓய்வுநாளில் தீப்பற்றினால் அவ்வேடுகளை மீட்டல் ஆகாது, அவற்றிலுள்ள இறைவன் பெயரும் எரிந்துபோகும் என்பது காரணம். வைப்புமுறையும் போற்றுரை ஒவ்வொன்றின் முடிவுத் தொடரும் வரையறைப்பட்டிருந்தன. இடைப்பட்ட சொற்கள் ஓதுவோரின் ஆற்றலுக்கு விடப்பட்டன. ரபி எலியாசர் என்பார் நாள்தோறும் புதியதொரு பிரார்த்தனை கூறினார் என யெரூசலேம் தால்முத் குறிப்பிடுகின்றது. பலஸ்தீனத்தில் யன்னாய் போன்ற புலவர், முடிவுத் தொடர்களை மட்டும் பேணி இடைப்பகுதியைத் தம் செய்யுட்களால் நிறைத்தனர். ஒன்பதாம் நூற்றாண்டிலேயே, ஸ்பெயின் நாட்டு யூதரின் வேண்டுகோளுக்கு இணங்கி, பாபிலோனில் சூரா கல்விநிலையத்தின் தலைவராயிருந்த அம்ராம் காவோன் ஆண்டு முழுவதற்குமான வழிபாட்டு முறையை எழுதி அனுப்பினார். எகிப்தில் பிறந்து அதே கல்விநிலையத்துக்குத் தலைமை தாங்கிய சாடியா காவோன் (882 – 942) அரபு மொழி விளக்கங்களோடு மற்றொன்றினைத் தொகுத்தார். தொலைவில் வாழ்வோரை ஒருநெறிப்படுத்தும் தேவை, எழுதலாகாது என்ற விலக்கினை வென்றது.

எழுத்துக்கு உட்பட்டபின் எலியேசரின் பழைய எச்சரிக்கை புதிய வடிவில் மீண்டும் எழுந்தது. எகிப்தில் வாழ்ந்த மைமோனிதர் (1138 – 1204), கூட்டத்தார் தாம் ஓதி முடித்ததும், முன்னின்று நடத்துபவர் திரும்ப ஓதுகையில் கவனியாது பேசிக்கொண்டும் எச்சில் உமிழ்ந்துகொண்டும் இருத்தலைக் கண்டார். ஓதத் தெரியாதோருக்காகவே ஏற்பட்ட இரண்டாம் ஓதல், அவர்களுக்கும் பயனற்றுப்போயிற்று. அயலாராகிய முஸ்லிம்களும் இதனைக் கண்டு இகழ்ந்தனர். எனவே யாவரும் ஒருங்கே ஒருமுறை மட்டும் ஓதுமாறு அவர் முறையை மாற்றினார். பள்ளிவாசல்களில் நிலவிய ஒழுங்கு அவர் உள்ளத்தில் இருந்தது என்பது வெளிப்படை. அவர் மகன் ஆபிரகாம் முழந்தாளிடுதல் போன்றவற்றையும் புகுத்த முனைந்து, தம் சமூகத்தாரின் கடும் எதிர்ப்பினைப் பெற்றார். தந்தையின் சீர்திருத்தம் எகிப்தில் ஏறத்தாழ முந்நூறு ஆண்டுகள் நிலைத்தது. பதினாறாம் நூற்றாண்டில் தாவீது இப்ன் சிம்ரா பழைய முறையையே மீட்டமைத்தார்.

மழைக்கான வேண்டுதல் அமிதாவின் மற்றொரு இயல்பைக் காட்டும். பலஸ்தீனத்தில் மாரிக்காலம் மட்டுமே மழைக்குரியது. வேனிலில் பெய்யும் மழை விளைச்சலுக்குக் கேடு. எனவே ஒன்பதாம் போற்றுரையில் மழை கேட்பது மாரிக்காலத்துக்கு மட்டும் உரியதாயிற்று. கூடாரப் பெருநாளுக்கு யெரூசலேம் சென்று திரும்பும் யாத்திரிகருள் கடைசியானவர் யூபிரத்தீசு ஆற்றை அடையும்வரை, பதினைந்து நாட்கள் பொறுத்தே மழை கேட்க வேண்டும் எனக் கமாலியேல் விதித்தார். கோயில் இல்லை, யாத்திரிகரும் இல்லை. எனினும், நனையாது அவர் வீடு சேர்தற்காக இஸ்ரேலில் இன்றும் மர்ஹெஷ்வான் மாதம் ஏழாம் நாளே மழை கேட்கின்றனர். பிறநாட்டு யூதர் பாபிலோனின் தாழ்நிலத்துக்கு வகுத்த காலக்கணக்கைப் பின்பற்றுகின்றனர். இலையுதிர்காலச் சம இராப்பகலுக்குப் பின் அறுபதாம் நாள் என்னும் அக்கணக்கு, பழைய ஆண்டுமானத்தைச் சார்ந்தமையால் இப்போது டிசம்பர் 4ஆம் நாள் மாலையில், சில ஆண்டுகளில் 5ஆம் நாள் மாலையில் விழுகின்றது. ஜேர்மனியிலிருந்து ஸ்பெயினுக்குக் குடிபெயர்ந்த அஷேர் பென் யெகியேல், வறட்சியுற்ற 1313ஆம் ஆண்டில், அவ்வந்நாட்டின் தட்பவெப்பத்துக்கு ஏற்ப இதனை மாற்ற முயன்றார். ஊரார் இணங்காமையால் விட்டுவிட்டார். அவுஸ்திரேலியாவில் வாழும் யூதர் கொடுங்கோடையான டிசம்பரில் மாரிமழை கேட்கத் தொடங்கி, அங்கு மாரி நெருங்கும் பாஸ்காப் பெருநாளோடு நிறுத்திவிடுகின்றனர். நிற்கும் நிலம் வேறு, நாவில் இருக்கும் நிலம் வேறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் இந்நிலையே கேள்விக்குள்ளாயிற்று. ஐரோப்பிய நாடுகளின் குடியுரிமையை நாடிய யூதர், சீயோனுக்குத் திரும்புவதற்கும் பலிகள் மீளத் தொடங்குதற்கும் நாள்தோறும் மன்றாடுதல் தகுமோ என வினவினர். 1818இல் ஹம்பேர்க்கில் திறக்கப்பட்ட புதிய தொழுகைக்கூடம், 1819இல் வெளியிட்ட தன் வழிபாட்டு நூலில் இவ்வேண்டுதல்களின் வாசகத்தை மாற்றியது. அந்நகரின் மரபுவழி ரபிகள் அந்நூலைத் தடைசெய்தனர். சீர்திருத்தப் பிரிவினர் இறந்தோர் எழுதல், மீட்பர் வருகை ஆகியவற்றையும் காலப்போக்கில் தம் கொள்கைக்கேற்ப மாற்றினர். இருபதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அவருட் பலர், முன்னோரான ஆடவர் மூவரோடு சாராள், ரெபேக்காள், ராகேல், லேயாள் ஆகியோர் பெயர்களையும் முதற் போற்றுரையில் சேர்த்தனர்.

எதிர்ப்பக்கத்திலிருந்தும் வினா எழுந்தது. கோயில் அழிந்த நாளாகிய ஆவ் மாதம் ஒன்பதாம் நாளன்று பிற்பகலில், யெரூசலேம் பற்றிய போற்றுரையோடு, பாழடைந்து மக்களற்றுக் கிடக்கும் நகருக்காக இரங்கும் பகுதியொன்று சேர்த்து ஓதப்படும். 1948இல் இஸ்ரேல் அரசு தோன்றி, 1967இல் நகர் முழுவதும் அதன் ஆட்சிக்குள் வந்தபின், மக்கள் நெருங்கி வாழும் நகரில் நின்றுகொண்டு மக்களற்ற நகர் என ஓதுதல் பொய்யுரையாகாதா எனச் சிலர் கேட்டனர். ஷ்லோமோ கோரன், எப்ராயிம் ஊர்பாக் முதலியோர் மாற்று வாசகங்களை எழுதினர். பாழடைந்தமை குறிப்பது வீதிகளையும் வீடுகளையும் அன்று, பலிபீடம் நின்ற இடத்தையே என மறுத்தோர் பலர். பெரும்பாலான மரபுவழித் தொழுகைக்கூடங்களில் பழைய வாசகமே ஓதப்படுகின்றது. சிலவற்றில் புதியது ஓதப்படுகின்றது.